பூஞ்சையை வைத்துச் செடிகளின் உறவைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். செடிகளில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகளை உண்டாக்கும் துருப்பூஞ்சைகள் சாப்பாட்டில் ரொம்பக் கறார். பெரும்பாலும் நெருங்கிய சொந்தக்காரச் செடிகளைத்தான் பிடிக்கும்.

வட அமெரிக்காவின் கில்லெனியாவையே பாருங்கள். வெள்ளைப் பூப் பூக்கும் சிறு செடி. காய் உலர்ந்து வெடிப்பதால், அதேபோல் உலர்காய் காய்க்கும் ஸ்பைரியா என்ற புதர்ச்செடியின் கூட்டத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் ஆப்பிள், பேரிக்காய் இலைகளில் ஆரஞ்சுப் புள்ளியாகக் கிளம்பும் ஜிம்னோஸ்போராஞ்சியம் துரு இதன்மேலும் வருகிறது. சதைக்கனி மரத்தின் நோய்க்கு இங்கென்ன வேலை? பின்னால் டிஎன்ஏ ஆய்வும் கில்லெனியாவை ஆப்பிள் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து உட்காரவைத்தது. பூஞ்சை முந்திக்கொண்டது!

சரி, எப்போதும் நம்பலாமா? அதே துரு வாழ்க்கையின் மறுபாதியை ஜூனிபரில் கழிக்கிறது. அது பூக்காத ஊசியிலை வகை. ஆப்பிளுக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம்தான். எந்தப் பருவத்துக்கு எந்தச் செடி என்று பிரித்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பிவிடும்.