மைத்துனரின் கேசினோ கணக்கும் அடகில் இருக்கும் 24 பவுனும்

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். மனைவியின் 24 பவுன் அடகில் இருக்கிறது. விவசாயிகளுக்கு முன்பணம் கொடுக்க 3 லட்சம் வாங்கினேன். மைத்துனர் நண்பர்களுடன் கோவா கேசினோவுக்குப் போய்த் தோற்றதால், அதே நகையின் மீது முதலில் 1.6 லட்சமும் பிறகு 1.8 லட்சமும் வாங்கிக் கொடுத்தேன். கடைசியாக வாங்கியது மனைவிக்குத் தெரியாது. “ஆடினால்தானே நஷ்டம், கேசினோ கம்பெனியின் பங்கையே வாங்குவோம்” என்று இப்போது இன்னும் 2 லட்சம் கேட்கிறார். மாமியாரும் “தம்பியைக் கைவிட்டுவிடாதீர்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. சூதாட்டம் கெட்டது என்று உங்களுக்குச் சொல்ல நான் தேவையில்லை. ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, எனக்கு மைத்துனரைவிட உங்கள் மேல்தான் கவலை. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதே நகைக்குக் கூடுதல் பணம் வாங்குகிறீர்கள். வீட்டிலிருந்து புதிதாக ஒரு குண்டுமணி கூட வெளியே போகவில்லை. அதனால் கடன் ஏறியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

மொத்தம் 6.4 லட்சம், வட்டி 14 சதவீதம். மைத்துனர் பங்கான 3.4 லட்சத்துக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய். ஒரு கிரேட்டுக்கு (தக்காளிப் பெட்டிக்கு) 30 ரூபாய் கமிஷன் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மாதம் 133 கிரேட் தக்காளியை அவருக்காகவே ஏலம் விடுகிறீர்கள். அசல் அப்படியே இருக்கிறது.

‘தோற்றால் இரட்டிப்பாக்கு’ என்று மைத்துனர் சொல்லும் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரூலெட் என்பது சக்கரத்தைச் சுற்றி, எந்த எண் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். சக்கரத்தில் பூஜ்ஜியத்தையும் சேர்த்து 37 எண்கள். ஒவ்வொன்றிலும் 100 வைத்தால் 3,700 ரூபாய். எந்த எண் விழுந்தாலும் திரும்பி வருவது 3,600. அந்த 100 ரூபாய், அதாவது 2.7 சதவீதம், ‘வீட்டுக்காரன்’ பங்கு, அதாவது ஆட்டம் நடத்தும் கேசினோவின் பங்கு. இரண்டு பூஜ்ஜியம் உள்ள சக்கரமானால் 5.26 சதவீதம். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும். சிவப்பு எண் விழும் என்று 500 வைத்து, தோற்கத் தோற்க பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் ஏழு முறையில் 63,500 போயிருக்கும். எட்டாவதுக்கு 64,000 வேண்டும். அதற்குள் ஒரு பந்தயத்துக்கு அந்த மேசை வைத்திருக்கும் உச்சவரம்பு குறுக்கே நிற்கும், அல்லது கையில் பணம் இருக்காது. தொடர்ந்து ஏழு தோல்வி என்பது நூற்றில் ஒரு முறைதான் வரும். ஆனால் ஒரே இரவில் எண்பது முறை இந்தத் தொடரை ஆரம்பிப்பவருக்கு, இரண்டு இரவில் ஒன்று அப்படித்தான் முடியும். மற்ற இரவுகளில் ஜெயித்த கதையை மட்டும் ஊருக்கு வந்து சொல்வார்.

கேசினோவில் இலவசச் சாப்பாடு, அறை என்று மைத்துனர் பெருமைப்பட்டாராம். மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 1,000 ரூபாய், நான்கு மணி நேரம் என்றால் 1.6 லட்சத்துக்கு ஆட்டம். அதில் வீட்டுக்காரன் எதிர்பார்ப்பது 4,320. அதில் ஒரு பகுதிதான் தட்டில் திரும்பி வருகிறது. பனாஜியில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் இந்தக் கேசினோ கப்பல்களில் கோவா மாநிலத்தவர் ஆடுவதற்கு அந்த அரசே 2020 பிப்ரவரியிலிருந்து தடை போட்டிருக்கிறது. தருமபுரிக்காரர் ஆடலாம்!

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடுவதற்கு டோக்கன் வாங்கும் பணத்தின் மீது 2023 அக்டோபர் முதல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி; தோற்றதை அதில் கழிக்க முடியாது.

அப்படியானால் வீட்டுக்காரன் பக்கம் சேர்ந்துகொள்ளலாமே என்கிறார் மைத்துனர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேசையில் ஜெயிப்பது வேறு, பங்குதாரருக்கு லாபம் வருவது வேறு. உரிமக் கட்டணம், கப்பல், ஆட்கள் சம்பளம் எல்லாம் போகத்தான் மீதி. வரி ஏறினால் கூட்டம் குறையும். 2020-ல் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தார்கள். இந்தப் பங்கு நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கே நான் வரவில்லை. 14 சதவீத வட்டிக்கு வாங்கி எந்தப் பங்கையும் வாங்காதீர்கள்.

அடுத்து செய்ய வேண்டியது. 24 பவுனும் ஒரே அடகுச் சீட்டில் இருக்கிறது. புதுப்பிக்கும்போது மூன்று சீட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பணம் வர வர ஒவ்வொரு சீட்டாக மீட்டால், ஒரு ஜோடி வளையலாவது வீட்டுக்கு வரும். ஓசூரில் 32,000 சம்பளம் வாங்கும் மைத்துனர், 4,000 வட்டியையும் அசலில் 4,000-ஐயும் மாதம் 5-ம் தேதி உங்கள் கணக்கில் போடட்டும். வட்டி குறையக் குறைய ஐந்தாறு வருடத்தில் தீரும். அதுவரை அவருக்குப் புதிதாக ஒரு ரூபாயும் இல்லை.

மாமியாரிடம் இதை நீங்கள் பேசாதீர்கள், உங்கள் மனைவி பேசட்டும். அதற்கு முன்னால், கடைசியாக வாங்கிய 1.8 லட்சத்தின் ரசீதை இன்று இரவே மனைவியிடம் காட்டிவிடுங்கள்.