இரண்டு இரவுகள் தங்கிய இடம்: புள்ளலூர், 1780

இராணுவ வரலாற்றில் எந்தப் போர் உங்கள் மனத்தை விட்டு அகலவில்லை, அதில் உங்களை ஈர்ப்பது எது என்பது கேள்வி. வாட்டர்லூ, பானிபட் போன்ற பெயர்களைப் பிறர் சொல்வார்கள். என்னுடைய விடை, காஞ்சிபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படைப்பிரிவை அங்கே முழுமையாக அழித்தார்கள். மைசூர் ராக்கெட்டுகளுக்காகவே இந்தப் போரைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னை ஈர்ப்பது அதுவன்று. தோற்ற தளபதி இரண்டு இரவுகளில் எங்கே தங்கினார் என்பதிலேயே இந்தப் போர் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூலையில் ஐதர் அலி ஏறத்தாழ எண்பதாயிரம் பேருடன் அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட தமிழகச் சமவெளிக்குள் இறங்கி, ஆற்காட்டை முற்றுகையிட்டார். பக்சார் போரில் வென்று புகழ்பெற்ற கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் படையுடன் வந்தார். குண்டூர்ப் பக்கத்திலிருந்து சுமார் 2,800 பேருடன் இறங்கிக்கொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லி அவருடன் காஞ்சியில் வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்தார். ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. அப்போதே இறங்கிக் கடந்திருக்கலாம். ஆனால் வடகரையிலேயே முகாம் போட்டு, விடிந்ததும் கடக்கலாம் என்று இருந்துவிட்டார். நம் ஊர் ஆறுகளை அறிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே பெய்த மழையில் இரவோடு இரவாக வெள்ளம் வந்தது. ஆறு வடிந்து அவர் தென்கரையில் கால் வைப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அவரை வழிமறிக்கத் தம் மகன் திப்புவை அனுப்ப ஐதருக்குப் போதிய அவகாசம் கிடைத்தது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினார். பெய்லி அதைச் சமாளித்துவிட்டாலும், இனித் தம்மால் தனியாக முன்னேற முடியாது என்று மன்றோவுக்கு எழுதினார்.

இங்கே மன்றோ செய்தது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. காஞ்சியில் இருந்த கனரகப் பீரங்கிகளையும் உணவுச் சேமிப்பையும் விட்டு நகர மனமின்றி, முழுப் படையுடன் கிளம்பாமல், லெப்டினன்ட் கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். ஃபிளெட்சர் கெட்டிக்காரர். உடன் வந்த வழிகாட்டிகள் மீது ஐயம் கொண்டு இருட்டிலேயே பாதையை மாற்றி, ஐதரின் ஆட்கள் காத்திருந்த இடத்தைத் தவிர்த்து, 9ஆம் தேதி காலையில் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். ஆக, உதவி வந்து சேர்ந்தது. காஞ்சியோ ஓர் இரவு நடைத் தூரம்தான்.

அன்றிரவு பெய்லி புறப்பட்டார். வழியில் சிறு மோதல்களுக்குப் பிறகு, விடியும்வரை அங்கேயே நிற்போம் என்று முடிவு செய்தார். அதிகாரிகள் பலருக்கு அது வியப்பாக இருந்தது. இருட்டில் பீரங்கிகளை இழந்துவிடுவோம் என்று அவர் அஞ்சியிருக்கலாம். அப்படிப் பார்த்தால் அந்த முடிவு முட்டாள்தனமும் அன்று. ஆனால் ஆற்றங்கரையில் செய்ததையே அவர் மீண்டும் செய்தார், இந்த முறை வெள்ளமாக வந்தது ஐதர். விடிந்தபோது தந்தையும் மகனும் அவரைச் சுற்றி வளைத்திருந்தார்கள்.

பெய்லியின் படை சதுர வடிவில் அணிவகுத்துத் தாக்குதல்களைத் தொடர்ந்து தடுத்தது. அந்நேரத்தில் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதற்குக் காரணம் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எதுவாயினும், அதன்பின் சுடுவதற்கு மருந்து இல்லை. குதிரைப்படை உள்ளே புகுந்தது. ஃபிளெட்சர் இறந்தார். காயமடைந்த பெய்லி சரணடைந்தார். ஐரோப்பியரில் சுமார் இருநூறு பேர் கைதிகளானார்கள். மன்றோ அன்று காலை வெடிச் சத்தம் கேட்டுக் கிளம்பி, சில மைல் தூரம்வரை வந்து, செய்தி தெரிந்ததும் திரும்பிவிட்டார். எந்தப் பீரங்கிகளைக் காப்பதற்காகக் காஞ்சியில் இருந்தாரோ, அவற்றையே குளத்தில் தள்ளிவிட்டு மறுநாள் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு இந்தப் போரை வரையச் செய்திருக்கிறார். முதன்முறை அதன் முன் நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது: சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக நெருக்கியடித்து நிற்க, நடுவே பல்லக்கில் பெய்லி, மேலே வெடித்துச் சிதறும் வண்டி. பின்னர்தான் ஒன்று உறைத்தது. போரின் நுட்பமான உண்மை அந்த ஓவியத்தில் சரியாகவே இருக்கிறது. சதுரத்துக்கு வெளியே போக வழியில்லை, உள்ளே இருப்பதுதான் வெடிக்கிறது.

புள்ளலூருக்கும் ஒரு முறை இருசக்கர வண்டியில் போனேன். மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்வதும் இதே ஊரில்தான்; 949இல் சோழ இளவரசர் இராசாதித்தர் உயிர்விட்ட தக்கோலமும் அருகிலேயே இருக்கிறது. வயல்களுக்கு நடுவே நிற்கும் ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் பெய்லியின் ஆட்களுக்கானவை அல்ல. மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையுடன் ஐதர் அதே மண்ணில் மோதியபோது இறந்தவர்களுக்கானவை. அன்று கூட்டின் வீரர்கள் அணிவகுத்து வந்த வயலில், முந்தைய ஆண்டு மடிந்தவர்களின் எலும்புகள் புதைக்கப்படாமலே கிடந்தன. பெய்லி அப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையில் இருந்தார்; 1782இல் அங்கேயே இறந்தார்.