ஓவிய அறைக்கு எந்தத் தரை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகள் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிறாள். ஆயில் பெயின்ட் அதிகம். தரைத்தளத்தில் 10-க்கு 12 அடி அறை, வெறும் சிமென்ட் பூச்சு. செலவு குறைவாக எந்த டைல்ஸ் போடலாம் சார்?
- வாசகி, லாஸ்பேட்டை

டைல்ஸ் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள் அம்மா. இரண்டடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது ஷீட்டின் அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ சிமென்ட் கறுத்திருந்தாலோ, தரைக்கு அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். இதைக் கார்த்திகை மழையில் செய்வது நல்லது. சித்திரையில் பார்த்தால் எல்லாத் தரையும் காய்ந்துதான் இருக்கும்.

ஓதம் இருந்தாலும் டைல்ஸ் தாங்கும். பளபளப்பில்லாத மேட் விட்ரிஃபைட் வாங்குங்கள். அதிலும் 'ஃபுல் பாடி' என்று கேளுங்கள். மேலிருந்து அடிவரை ஒரே நிறம் என்பதால், படம் நிறுத்தும் சட்டமான ஈசலின் கால் இழுத்துக் கீறினாலும் வெள்ளையாகத் தெரியாது. நிறம் நடுத்தரச் சாம்பல். வெள்ளைத் தரை கண்ணைக் கூசும், கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

120 சதுர அடிக்கு 2-க்கு 2 டைல்ஸ் 30 வேண்டும். உடைசலுக்கு மூன்று நான்கு சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய அறைக்குப் புது லாட் தேவையே இல்லை. பெரிய வேலைகளில் மீந்த பெட்டிகள் கடைகளின் பின்பக்கம் கிடக்கும், கேட்டால் விலை குறைத்துத் தருவார்கள். பெட்டிகளில் நிறச் சாயலைக் குறிக்கும் ஷேட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சமாகும் பணத்தை, டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் எபாக்ஸி ஜாயின்ட்டுக்குப் போடுங்கள். சாதாரண சிமென்ட் ஜாயின்ட் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துவிடும்.

தரையைப் பற்றியது இல்லை என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஆயில் பெயின்ட்டில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

தாத்தா காலத்துச் சிவப்பு சிமென்ட் தரை மங்கி, இரண்டு இடத்தில் விரிசல். உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்கிறார் கொத்தனார். அங்கே படம் வரையப் போகிறேன். என்ன செய்யலாம் ஐயா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

உடைக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஜாயின்ட்டே இல்லாத, பெயின்ட் காய்ந்தால் பட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிடக்கூடிய தரை உங்களிடம் இருக்கிறது. அப்படி ஒன்றை இன்று புதிதாகப் போட நல்ல கை கிடைப்பது கஷ்டம்.

மங்கிவிட்டது என்கிறீர்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. உங்கள் பெயின்ட் பெட்டியில் இந்தியன் ரெட் ட்யூப் இருந்தால் அதிலும் அதேதான். வெயிலுக்கு வெளுக்காத நிறம். மேலே படிந்திருப்பது பெரும்பாலும் பழைய மெழுகும் அழுக்கும்தான். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் ஒரு கையகலம் தேய்த்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் சிவப்பு தெரியும். ஆசிட் மட்டும் வேண்டாம், சிமென்ட்டை அரித்துவிடும்.

விரிசலை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, ஈரமாக்கி, சிமென்ட்டும் ரெட் ஆக்சைடும் கலந்து அடைக்கச் சொல்லுங்கள். நிறம் சரியாக வருகிறதா என்று முதலில் ஓர் ஓட்டுத் துண்டில் பூசிக் காயவைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அடைத்த பின் ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் காயாமல் வைத்திருங்கள். எல்லாம் உலர்ந்ததும் மெழுகு பாலிஷ் மெல்லிசாக ஒரு கை.

ஒரே ஒரு குறை உண்டு. சன்னல் வெளிச்சம் சிவப்புத் தரையில் பட்டுக் கேன்வாஸில் சிவப்பு ஏற்றும். ஈசலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பருத்தித் துணி விரித்துக்கொண்டால் சரியாகிவிடும்.

வாடகை வீடு. மொசைக் தரையில் அக்ரிலிக் சிந்தினால் வீட்டுக்காரர் திட்டுவார். வினைல் ஷீட் ஒட்டலாமா அண்ணா?
- முத்தியால்பேட்டை

ஒட்ட வேண்டாம் தம்பி, பசை போகாது. பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்று வாங்கி, படம் கீழே போக வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரியுங்கள். மேலே பழைய பருத்திப் போர்வை. வெறும் ஃப்ளெக்ஸில் தண்ணீர் பட்டால் வழுக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சுருட்டி வைத்துத் தரைக்குக் காற்று காட்டுங்கள்.

2024 ஃபெஞ்சல் மழையில் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது மகன் லேமினேட் மரத் தரை போடச் சொல்கிறான்.
- ரெயின்போ நகர்

வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. ஒருமுறை நீர் குடித்தால் ஓரம் உப்பும், திரும்ப வற்றாது. டைல்ஸ், கடப்பா, சிமென்ட், இந்த மூன்றில் ஒன்று. தண்ணீர் வடிந்ததும் கழுவித் துடைத்துவிட்டு அன்றே உட்கார்ந்து வரையலாம்.

வில்லியனூரில் சுடுமண் வேலை கற்றுக்கொண்டேன். வீட்டில் ஒரு சக்கரம் வைக்கப் போகிறேன். தரை எப்படி இருக்க வேண்டும்?
- வாசகி, அரியாங்குப்பம்

நல்ல கனமான சிமென்ட் தரையே போதும் அம்மா. ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கனம், வாசல் பக்கம் வாட்டம். 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கினால் தண்ணீர் ஓடிவிடும். ஒரே பரப்பாகப் போட்டால் வெடிக்கும், நடுநடுவே கண்ணாடிப் பட்டி வைத்துக் கட்டம் கட்டமாகப் போடச் சொல்லுங்கள். முழுக்க வழவழப்பாக இழைக்க வேண்டாம், களிமண் சேற்றில் கால் வழுக்கும்.

காய்ந்த களிமண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல்தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்துத் திரும்பப் பிசையலாம்.