பழைய மவுண்டன் சைக்கிளுக்குச் செலவழிக்கலாமா, புதிதே வாங்கலாமா?

கேள்வி: 2011-ல் வாங்கிய 26 அங்குல மவுண்டன் சைக்கிள் வைத்திருக்கிறேன். அலுமினிய ஃபிரேம், 3×8 கியர் (முன்னால் 3, பின்னால் 8 பல்சக்கரம்), ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் ஃபோர்க். தினமும் அலுவலகத்துக்கு 9 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற்றம். அழுத்தி மிதித்தால் செயின் நழுவுகிறது, மழையில் பிரேக் பிடிப்பதில்லை, ஃபோர்க் அமுங்கினால் எழ மாட்டேன் என்கிறது. ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று), 1×11 கியர், டிஸ்க் பிரேக்கோடு புதுச் சக்கரங்கள் என எல்லாம் சேர்த்துக் கடையில் 34,000 ரூபாய் கேட்கிறார்கள். 55,000 கொடுத்தால் 29 அங்குலத்தில் புது சைக்கிளே வருகிறது. எது சரி?
(கோவை வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றுமே தேய்மானத்தால் வந்த கோளாறுகள். அவற்றைச் சரிசெய்ய பத்தாயிரத்துக்குள் போதும்.

செலவு செய்யும் முன் ஃபிரேமைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஹேண்டில் குழாய்க்குக் கீழே உள்ள வெல்டிங், பெடல் அச்சைச் சுற்றியுள்ள பகுதி, சீட் கிளாம்ப், பின்சக்கரம் மாட்டும் இடம் என நான்கையும் பாருங்கள். பெயின்டில் முடி மாதிரி கறுப்புக் கோடு ஓடினால் அது விரிசலாக இருக்கலாம். விரிசல்தான் என்று உறுதியானால் அந்த ஃபிரேமுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள், சம்மதிக்க வேண்டாம். வெல்டிங் சூட்டில் அந்த அலுமினியத்தின் உறுதி போய்விடும். திரும்ப முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் அது மீளும். தெருமுனை பட்டறையில் அதற்கு வழியில்லை.

செயின் நழுவுவதற்கு ஒரு இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் சரியாக இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அது கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம். 1/8 அங்குலம் போயிருந்தால் பின்னால் உள்ள கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். அந்த நிலையில் புதுச் செயினை மட்டும் போட்டால் நழுவல் கூடத்தான் செய்யும், ஏனென்றால் பற்கள் நீண்டுபோன பழைய செயினின் இடைவெளிக்கேற்பத் தேய்ந்திருக்கின்றன. 8 ஸ்பீடு செயினும் 11-34 கேசட்டும் (சிறியதில் 11 பல், பெரியதில் 34) ஒன்றாக வாங்குங்கள். அதிகம் பயன்படும் முன் பல்சக்கரத்தின் பற்கள் சுறாத் துடுப்பு மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பிரேக்குக்கு முதலில் ரிம்மின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. டயரின் காற்றழுத்தத்தில் அது பிளந்துகொள்ளக்கூடும். அப்போதும் முழுச் சக்கரம் வாங்க வேண்டியதில்லை, சக்கரத்தின் நடுவில் உள்ள பழைய ஹப்பிலேயே புது ரிம் கோத்துக்கொள்ளலாம். குழி இல்லையென்றால் பிரேக் கட்டை நான்கையும் இரண்டு கேபிள்களையும் உறையோடு மாற்றுங்கள். பழைய கட்டையை நகத்தால் கீறினால் கண்ணாடி மாதிரி வழுக்கும், உள்ளே ரிம்மிலிருந்து வந்த அலுமினியத் துணுக்குகள் மின்னும். மழையில் பிடிக்காததற்குக் காரணம் அதுதான். நனைந்த ரிம்மில் புதுக் கட்டையும் டிஸ்க் அளவுக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் நம்பி இறங்கலாம்.

ஃபோர்க்கில் மேல்குழாய்களைப் பாருங்கள். பளபளப்பு உரிந்து துரு ஏறியிருந்தால் அது சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும், சர்வீஸ் வீண். வழவழப்பாக இருந்தால் கால்களின் அடியில் உள்ள இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, பழைய கிரீஸை வழித்துப் புதிது தடவச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். அதற்குமுன் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் ஹேண்டில் குழாய் விளிம்பில் தெரிந்தால் ஹெட்செட்டை (ஹேண்டில் திரும்பும் பேரிங்) இறுக்கினால் சரி. மேல்குழாய் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்தில் தெரிந்தால் உள்ளே குழாயை ஆடாமல் பிடிக்கும் புஷ் போய்விட்டது.

ஓவராயில் செய்யும்போது ஹப்பையும் திறக்கச் சொல்லுங்கள். ஷிமானோவின் சாதாரண ஹப் என்றால் பின்னால் பக்கத்துக்கு 9 பால்ஸ் (1/4 அங்குலம்), முன்னால் பக்கத்துக்கு 10 (3/16 அங்குலம்). எண்ணிப் போடாவிட்டால் சக்கரம் இறுகும் அல்லது ஆடும்.

இனி கடைக்காரர் பட்டியல். ஏர் ஃபோர்க்கில்தான் பணம் அதிகம் வீணாகும். இன்று வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றில் ஹேண்டில் குழாய்க்குள் போகும் தண்டு கீழே ஒன்றரை அங்குலத்துக்கு அகன்றிருக்கும். உங்கள் ஃபிரேம் அந்தக் காலத்து நேரான 28.6 மி.மீ. தண்டுக்கானதாகவே இருக்கும், அகன்றது உள்ளே போகாது. நேரான தண்டில் 29 அங்குல ஃபோர்க் கிடைத்தால்கூட அது பழையதைவிட நான்கைந்து சென்டிமீட்டர் உயரம். முன்பக்கம் 2 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஹேண்டில் கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், ஹேண்டில் குழாய் வெல்டிங்கில் சுமையும் கூடும்.

1×11-ஐ கோத்தகிரி ஏற்றத்துக்காகவே வேண்டாம் என்கிறேன். உங்கள் சைக்கிளில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிச் சுற்றுக்கு 1.34 மீட்டர் நகரும். புதிதில் 32-க்கு 42 போட்டால் 1.58 மீட்டர். அதாவது ஆகக் குறைந்த கியரே இப்போதையதைவிட 18 சதவீதம் கனக்கும். பணமும் கொடுத்து ஏற்றத்தையும் கடினமாக்கிக்கொள்வானேன்? டிஸ்க்குக்கு ஃபிரேமில் பின்பக்கம் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) மாட்டும் காது இருக்க வேண்டும், ஹப்பும் வேறு. அந்த 26 அங்குலச் சக்கரங்களை நாளைக்கு வேறு சைக்கிளுக்கு மாற்றவும் முடியாது.

ஃபிரேமில் விரிசல், ஃபோர்க்கில் புஷ் ஆட்டம், சைக்கிள் உங்கள் உயரத்துக்குப் பொருந்தாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிதுக்குப் போங்கள். கல்லும் வேருமான காட்டுத் தடத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும் புதிதுதான்.

வாங்கும்போது 29 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கடையிலேயே பின் பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அச்சைச் சுற்றி உள்ளே தெரியும் பல்வளையமும் கூடவே சுற்றினால் கேசட். அது அசையாமல் நின்றால் திருகி மாட்டும் ஃப்ரீவீல். அதில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும், உடையும். ஃப்ரீவீல் போட்ட புது சைக்கிளைவிட, சரிசெய்த உங்கள் பழையது மேல்.

கேள்வி: மவுண்டன் சைக்கிளுக்கு 26 அங்குல டயர் வாங்கி வந்தேன், ரிம்மில் உட்காராமல் தொளதொளவென்று கழன்று வருகிறது. டயர் கோளாறா?
(ஈரோடு வாசகர்)

பதில்: டயரில் 26×1⅜ என்று பின்னமாக எழுதியிருக்கும், பாருங்கள். அது சாதா சைக்கிள் டயர். உள்விட்டம் 590 மி.மீ. மவுண்டன் சைக்கிளின் 26×1.95, 26×2.10 ஆகியவற்றுக்கு 559. இரண்டையும் 26 என்றே விற்பதால் வரும் குழப்பம் இது. கடையில் 26 என்று கேட்காமல், டயரின் பக்கத்தில் 559 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.