மொழமும் முழமும் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் பெங்களூரு யஷ்வந்த்பூரில் வசிக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். எம்டெக் முடித்து நான்கு ஆண்டுகளாக மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். பேச்சு, மொழிக் கணிமையில், அதாவது மனிதப் பேச்சையும் மொழியையும் கணினி கையாளச் செய்யும் துறையில், பிஎச்டி சேரலாம் என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கான மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு நரம்பு வலைப்பின்னல்களை (தரவிலிருந்து தாமே கற்கும் கணினி நிரல்களை) பயிற்றுவிக்கும்போது, அதற்கு வேண்டிய வேகக் கணக்குச் சில்லுகளான ஜிபியூக்களில் இரண்டை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி ஆய்வகம் என்ன செய்துவிட முடியும்? எல்லாம் முடிந்துபோன துறையில் காலங்கடந்து நுழைகிறேனோ என்று அஞ்சுகிறேன். கைச் சம்பளத்தை விட்டுவிட்டு இந்த வயதில் மறுபடியும் படிப்பா என்று அப்பா கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலையாகும்போது 42,000. இதை வைத்துக்கொண்டு பெங்களூரில் ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டவேண்டும். அப்பா கேட்பது நியாயமான கேள்வி. அவரோடு வாதாடி வெல்ல முயலாமல், கணக்கைத் தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள்.

துறை முடிந்துபோனதா என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி, ஏனென்றால் 2005இல் நான் பிஎச்டி சேர்ந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். மார்க்கோவ் மாதிரிகள், காசியன் கலவைகள் என்ற புள்ளியியல் முறைகள் ஆட்சி செய்த காலம் அது. நரம்பு வலைப்பின்னல் என்று வாயெடுத்தால் பெரியவர்கள் இரக்கத்தோடு பார்ப்பார்கள். நானும் விவரமாக நடந்துகொள்வதாக நினைத்துக் காசியன் கலவைகளிலேயே ஆய்வேட்டை எழுதி 2011இல் சமர்ப்பித்தேன். மறு ஆண்டே டொரண்டோ பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட், கூகுள், ஐபிஎம் ஆகிய நான்கு குழுக்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. பேச்சறிதலில், அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையில், பல அடுக்கு நரம்பு வலைப்பின்னல்கள் காசியன் கலவைகளை முந்திவிட்டன என்பதை, ஒன்றோடொன்று போட்டியிடும் நான்கு குழுக்கள் ஒரே குரலில் சொன்ன கட்டுரை அது. என் ஆய்வேட்டின் நான்கு இயல்கள் அன்றோடு பழங்கதையாகின. பெங்களூருத் தமிழரின் பேச்சை எப்படி எழுத்தில் வடித்தோம் என்று விளக்கும் பின்னிணைப்பு ஒன்று அதில் உண்டு. நெறியாளர் வற்புறுத்தியதால் வேண்டாவெறுப்பாகச் சேர்த்த பகுதி அது. இன்றும் மாணவர்கள் கேட்டு வாங்கிப் போவது அதை மட்டும்தான்.

அந்தப் பின்னிணைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பூ விற்கும் அம்மா ஒருவரிடம் அனுமதி வாங்கி அவருடைய பேச்சைப் பதிவு செய்திருந்தோம். "மொழம் முப்பது ரூபா, பேகா சொல்லுங்க" என்கிறார். பேகா என்பது கன்னடம். சீக்கிரம் என்று பொருள். இயந்திரம் இதை "முழம் முப்பது ரூபாய், வேகமா சொல்லுங்க" என்று எழுதிற்று. பொருளில் குறையே இல்லை. ஆனால் அவர் சொல்லாத ஒரு சொல்லை அது தானாகவே அவர் வாயில் வைத்துவிட்டது. கன்னடம் கலந்த அந்த ஊர்த்தமிழ் சுவடில்லாமல் போய்விட்டது. எழுத்துத் தமிழை மிகுதியாகப் படித்த வலைப்பின்னல், காதில் விழுந்ததை விட்டுவிட்டுத் தான் எதிர்பார்த்ததை எழுதுகிறது. அதற்கு மேல் ஒரு வேடிக்கை: எங்கள் மாணவரில் மதுரைக்காரர் "மொழம்" என்று எழுதியதை, பெங்களூர்க்காரர் "முழம்" என்று திருத்தி வைத்திருந்தார். முன்னவரின் படியோடு ஒப்பிட்டால் அந்தச் சொல்லில் இயந்திரம் பிழை செய்தது. பின்னவரின் படியோடு ஒப்பிட்டால் செய்யவில்லை.

பிழையை அளக்கும் முறையே இப்படித் தடுமாறுகிறது. மனிதர் எழுதிய படியோடு இயந்திரத்தின் படியை ஒப்பிட்டு, மாறியவை, விடுபட்டவை, மிகையாக நுழைந்தவை எல்லாவற்றையும் கூட்டி, மனிதர் எழுதிய சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சொற்பிழை விகிதம். மனிதர் "வந்துகொண்டிருந்தாள்" என்று சேர்த்தும், இயந்திரம் "வந்து கொண்டிருந்தாள்" என்று பிரித்தும் எழுதினால், ஒன்று மாறியது, ஒன்று மிகையாக வந்தது என இரண்டு பிழைகள். ஒரே சொல்லில் 200 விழுக்காடு பிழை! ஒலியில் ஒரு குறையும் இல்லாத இடத்தில் இந்தத் தண்டனை. தமிழ்ப் பேச்சறிதலில் இத்தனை விழுக்காடு முன்னேற்றம் என்ற அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம், எந்தப் படியோடு ஒப்பிட்டார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

லட்சக்கணக்கான மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறியும் மாதிரி 6,80,000 மணி நேர ஒலிப்பதிவில் பயின்றது. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்து, அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்ட பதிவுகள் ஏறக்குறைய 1,17,000 மணி நேரம்தான். தமிழின் பங்கு அதற்குள் எங்கோ ஒரு மூலையில். இங்கே நம் இந்திய அறிவியல் கழகம் (யஷ்வந்த்பூர் ஆட்டோக்காரரிடம் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்லவேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை) கூகுளோடு சேர்ந்து நடத்தும் வாணி திட்டத்தில், மாவட்டம் மாவட்டமாகச் சென்று, மக்களிடம் படங்களைக் காட்டித் தம் சொந்தப் பேச்சில் விவரிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். யாரைப் பேசவைப்பது, எப்படி எழுதுவது, எதைப் பிழை என்பது ஆகிய கேள்விகளுக்கு ஜிபியூ விடை தருவதில்லை.

இன்னொன்று, பெரிய தரவே தேவைப்படாத கேள்விகளும் உண்டு. பேராசிரியர் பி. யெக்ஞநாராயணா 1966இல் இதே அறிவியல் கழகத்தில் விரிவுரையாளராகத் தொடங்கி, 1980இல் சென்னை ஐஐடிக்கும் 2006இல் ஹைதராபாத் ஐஐஐடிக்கும் சென்றவர். நரம்பு வலைப்பின்னல்கள் பற்றி 1999இல் பாடநூல் எழுதியவரும் அவரே. அப்படிப்பட்டவர், பேசும்போது அதிர்ந்து திறந்து மூடும் குரல்வளை மடல்கள் மூடும் கணத்தைப் பேச்சலையிலிருந்து துல்லியமாகக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, 2008இல் தம் மாணவரோடு சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார். அலையைச் சுழிய அதிர்வெண் வடிப்பியில் (சுழியத்தை ஒட்டிய அதிர்வெண்களை மட்டும் பிரித்தெடுக்கும் கணக்கீட்டில்) செலுத்தினால் போதும். பயிற்சித் தரவு ஒரு நொடிகூட வேண்டாம். ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆசிரிய வாழ்வுக்குப் பிறகு வந்த விடை அது. காலாண்டுக் கணக்கு பார்க்கும் நிறுவனம் ஒரு கேள்விக்கு அத்தனை ஆண்டு கொடுக்குமா என்பதை, நிறுவனத்தில் இருக்கும் நீங்களே சொல்லலாம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. கட்டுரை திரும்பி வரும். கருவி வாங்கும் கோப்பு ஒரு மேசையில் மாதக்கணக்கில் தூங்கும். உங்களோடு படித்தவர் வீடு வாங்கிய செய்தி, சரியாக உங்கள் சோதனை தோற்ற அன்றைக்குத்தான் வந்து சேரும். இந்த மூன்றும் எனக்கு நடந்தவை.

வேலையை விடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அம்மா யாருடனாவது தொலைபேசியில் பேசுவதை, இருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். கேட்டது கேட்டபடி நீங்களே கையால் எழுதுங்கள். அரை நாள் ஆகும். அதே பதிவை உறவினர் ஒருவரிடமும் கொடுத்துத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு படிகளும் எத்தனை சொற்களில் வேறுபடுகின்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எண்ணி முடித்த பிறகும், அந்த வேறுபாடுகள் எதனால் வந்தன என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேர்க்கை பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.