உள்பக்கத்தைக் காட்டுங்கள்: பேஸ்பால் நினைவு நகைகள், கேள்வி-பதில்

சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் 2016 சாம்பியன் மோதிரம் 40 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சிகாகோ வாசகர்)

அசலின் விளிம்பில் மட்டுமே 108 வைரங்கள், பட்டத்துக்கான 108 வருடக் காத்திருப்புக்காக. 40 டாலருக்கு வருவது கண்ணாடிக்கல். போட்டு அழகு பார்க்கலாம், அவ்வளவுதான்.

படம் இணைத்திருக்கிறேன். என்ன விலை போகும்?

மேசை விரிப்பின் பூ வேலைப்பாடு நன்றாகத் தெரிகிறது, மோதிரம்தான் தெரியவில்லை. உள்பக்கத்தைப் படமெடுங்கள். காரட் முத்திரையும் செய்தவர் பெயரும் அங்கேதான் இருக்கும்.

காந்தம் ஒட்டவில்லை. தங்கம்தானே?

பித்தளையும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. எடை போட்டுப் பாருங்கள். ஒரே பருமனில் 10 காரட் தங்கம் துத்தநாகக் கலவையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். அப்புறம், உள்பக்கத்தையும் பாருங்கள்.

பிரபல வீரரின் பெயர் பொறித்த மோதிரம். சான்றிதழும் தருகிறார்கள். நம்பலாமா?

வாரம் தவறாமல் வரும் கடிதம் இது. ஜோஸ்டன்ஸ், பால்ஃபோர் போன்ற நிறுவனங்கள் காட்டுவதற்கென்றே 'சேல்ஸ்மேன் சாம்பிள்' மோதிரங்கள் செய்வதுண்டு. பார்ப்பவர் கண் விரிய வேண்டுமே, அதனால் நட்சத்திர வீரரின் பெயரைத்தான் பொறிப்பார்கள். கல் பெரும்பாலும் செயற்கை. ஆக, பெரிய பெயரைப் பார்த்ததும் சந்தேகம் குறையக் கூடாது, கூட வேண்டும்.

சாம்பிள் ஒன்றும் மட்டமான பொருள் இல்லை. சாம்பிள் என்று சொல்லி விற்றால் நானே வாங்குவேன். உள்ளே இருக்கும் 'சாம்பிள்' முத்திரையை ராவிவிட்டு, "வீரர் விரலில் போட்டது" என்று விற்பதுதான் அயோக்கியத்தனம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ராவிய இடம் மட்டும் லேசாகக் குழிந்து, சுற்றியுள்ளதைவிடப் பளபளக்கும். சான்றிதழ்? விற்பவரே அச்சடித்த காகிதத்துக்கு என்ன மரியாதை! வீரரோ குடும்பத்தாரோ கொடுத்த கடிதம், பழைய ஏலப் பதிவு, இவற்றைக் கேளுங்கள். பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத்தின் 1927 மோதிரம் 2017இல் சுமார் 21 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஆசையில்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்.

தாத்தா காலத்து 1908 கப்ஸ் சாம்பியன் மோதிரம் விலைக்கு வருகிறது...

வேண்டாம். வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடர், வென்றதற்கு மோதிரம் தரும் வழக்கமே 1922இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியோடுதான் ஆரம்பம்.

ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணியின் 1964 வேர்ல்ட் சீரிஸ் பிரஸ் பின் வைத்திருக்கிறேன். அவர்கள் அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸுக்கே வரவில்லையே, போலியா?

நல்ல கேள்வி. போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பத்திரிகையாளர்களுக்கான பின்னை முன்கூட்டியே செய்து வைத்தாக வேண்டும். 12 ஆட்டம் மீதமிருக்க ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்த அணி, தொடர்ந்து 10 ஆட்டம் தோற்றது. பின் மட்டும் மிஞ்சியது. இப்படிப்பட்டவை 'ஃபேன்டம்' பின்கள். ஆனால் பின்னாளில் செய்த நகல்களும் உலவுகின்றன. பின்புறத்துத் திருகாணியையும் செய்தவர் முத்திரையையும் படமெடுத்து அனுப்புங்கள்.

எனாமல் பின் கறுத்திருந்தது. வெள்ளி பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். சரிதானே?

தேய்த்த பிறகு கேட்டு என்ன பயன்? மற்ற பின்களையாவது விட்டுவையுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும்.