எந்த வாசலில் வெளியே வரப்போகிறோம்?

கேள்வி: அடுத்த மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பியதும் நானும் கணவரும் எங்காவது நடக்கலாம் என்று ஆசை. போன முறை மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் வழி தவறி, செல்போனில் மேப் பார்த்தும் புரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினோம். இந்த முறை என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மதுரையில் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தெற்கு வாசலில் வெளியே வந்து நின்றிருக்கிறீர்களா? மெக்ரிட்சியிலும் அதுதான் நடக்கிறது. லோர்னி ரோடு பக்கம் ஒரு வாசல், வீனஸ் டிரைவ் பக்கம் இன்னொன்று, நடுவில் கிலோமீட்டர் கணக்கில் காடு. போதாததற்கு, அங்குள்ள 250 மீட்டர் தொங்குபாலம் ஒருவழிப் பாதை. ஏறிவிட்டால் வந்த பக்கமே திரும்ப முடியாது. திங்கட்கிழமையில் பாலத்தை மூடியும் வைப்பார்கள். அதனால் எங்கே நுழைவது என்பதற்கு முன், எங்கே வெளியே வருவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எந்த ஊருக்குப் போனாலும் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது சதர்ன் ரிட்ஜஸ். குன்றுகளைப் பாலங்களால் இணைத்த பாதை, மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். முழுவதும் வேண்டாம். மவுண்ட் ஃபேபர் வரை டாக்சியில் போய், அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வழியாக ஹார்ட்பார்க் என்ற பூங்கா வரை நடங்கள். சாலைக்கு 36 மீட்டர் மேலே, அலைபோல வளைந்த மரத்தளத்தில் நடப்பது அவ்வளவு சுகம்!

அதைத் தாண்டியதும் ஃபாரஸ்ட் வாக் வரும். நான் குழம்பியது அங்கேதான். மரங்களுக்கு நடுவே உயரத்தில் போகும் இரும்பு நடைபாதை, சரிவு தெரியக்கூடாது என்று மடித்து மடித்துக் கட்டியிருக்கிறார்கள். கிழக்கே பார்த்து நடந்தவள் பத்தடியில் மேற்கே பார்த்து நிற்கிறேன். செல்போன் மேப்பில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளியோ பக்கத்துச் சரிவுக்குத் தாவுகிறது. அடர்ந்த மரத்தடியில் சிக்னல் தடுமாறும், அந்தப் புள்ளியை அப்படியே நம்பாதீர்கள். கீழே மண்பாதை ஒன்றும் கூடவே போகும், அதில் இறங்காமல் மேலேயே நடந்தால் சரியாகப் போய்ச் சேர்வீர்கள்.

நுழைவாயிலில் இருக்கும் வரைபடப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வழி பிரியும் இடத்தில் நின்று, வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து அதையும் ஒரு படம் எடுங்கள். திரும்பும்போது அதே இடம் வேறு மாதிரி தெரியும். நெட் இல்லாமலும் திறக்கும்படி மேப்பை முதல் நாளே மகள் வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்யச் சொல்லுங்கள்.

காலை ஏழரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்து நடக்காதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 995.

அப்புறம் ஒன்று. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாவிட்டால் பக்கத்துச் சாலைக்கு இறங்கி ஒரு பஸ் நிறுத்தம் தேடுங்கள். அங்கே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, பலகையிலேயே இருக்கும். அதை மகளுக்கு அனுப்பினால் போதும், எந்த பஸ், எத்தனை நிமிடத்தில் வரும் என்று ஆபீஸிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார்.